பெட்டியில் 1,800 மீட்டர், வயலில் 160 மீட்டர்

இருட்டிலும் உடல் சூட்டை வைத்து விலங்கையும் ஆளையும் காட்டும் தெர்மல் கருவியை விற்கிற எந்த விளம்பரத்தை எடுத்தாலும் கொட்டை எழுத்தில் ஒரு தூரம் போட்டிருக்கும். 1,200 மீட்டர், 1,800 மீட்டர், 2,600 மீட்டர். வாங்க வருகிறவரும் பெரும்பாலும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் காசை எடுத்து வைக்கிறார். அது பொய்யான எண் இல்லை. ஆனால் அவர் மனதில் இருக்கும் கேள்விக்கு அது பதிலும் இல்லை.

"அந்தத் தூரத்தில் ஏதோ ஒன்று சூடாக இருக்கிறது என்று தெரியுமா?" என்பதற்கான விடைதான் 1,800 மீட்டர். "அது என்ன?" என்று கேட்டால் அதே கருவி வேறொரு எண்ணைச் சொல்லும், அது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும். தெர்மல் கருவியைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கும் குழப்பம் முழுக்க இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகப் போட்டுக் கலக்குவதால் வருவதுதான்.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம். ஆறாம் வகுப்புக் கணக்குதான். இன்று சந்தையில் அதிகம் ஓடும் கருவிகளில், சூட்டை உணரும் சில்லான சென்சாரின் ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு புள்ளியைத் தரும் கட்டம், 12 மைக்ரான் (ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் 12 பங்கு) அகலம். லென்ஸ் 35 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 12 மைக்ரானை 35 மி.மீ.ஆல் வகுத்துத் தூரத்தால் பெருக்கினால், அந்தத் தூரத்தில் ஒரு பிக்சல் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று வந்துவிடும். 100 மீட்டரில் 3.4 செ.மீ., 1,000 மீட்டரில் 34 செ.மீ., 1,800 மீட்டரில் ஏறக்குறைய 62 செ.மீ. பெட்டியில் போட்டிருக்கும் தூரம் பெரும்பாலும் 1.8 மீட்டர் உயரமுள்ள ஆளை வைத்துக் கணக்கிட்டது. அப்படியானால் 1,800 மீட்டரில் நிற்கும் ஆள், உயரத்தில் 3 பிக்சல். அகலத்தில் ஒன்று கூட முழுதாகத் தேறாது. திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான். ஆளா, கம்பமா, பகலெல்லாம் காய்ந்த பாறையா என்று அந்தப் புள்ளி சொல்லாது.

எத்தனை பிக்சல் இருந்தால் என்ன தெரியும் என்பதற்கு ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. 1958இல் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தில் இருந்த ஜான் ஜான்சன் என்ற விஞ்ஞானி, இரவில் பார்க்கும் கருவிகள் வழியாக ஆட்களைப் பார்க்கச் சொல்லி, எந்த அளவு தெளிவில் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பதிவு செய்தார். இன்றும் தொழில்துறை அதைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறது. பிக்சல் கணக்கில் சொன்னால், பொருளின் குறுகலான பக்கத்தில் 2 பிக்சல் விழுந்தால் ஏதோ இருக்கிறது என்று தெரியும். 8 விழுந்தால் ஆளா, விலங்கா என்று வகை தெரியும். 13 அளவுக்கு விழுந்தால்தான் இன்ன விலங்கு என்று சொல்ல முடியும். அதுவும் பாதிக்குப் பாதி வாய்ப்பில். பார்த்தவர்களில் பாதிப்பேர் சரியாகச் சொன்ன அளவு அது.

இதை ஒரு காட்டுப்பன்றிக்குப் பொருத்துவோம். முதுகிலிருந்து தரை வரை 70 செ.மீ. என்று தாராளமாகவே எடுத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன அதே கருவியில் 1,000 மீட்டரில் 2 பிக்சல் கிடைக்கிறது. வகை தெரிய 255 மீட்டருக்கு வர வேண்டும். பன்றிதான் என்று உறுதியாகச் சொல்ல 160 மீட்டர். முயலுக்கு இதே கணக்கைப் போட்டால், 20 செ.மீ. உயரத்துக்கு இனம் காணும் தூரம் 45 மீட்டர்தான். இரண்டரை மீட்டர் உயர யானை என்றால் நிலைமை தலைகீழ்: மூன்றரைக் கிலோமீட்டரில் புள்ளியாகத் தெரியும், 550 மீட்டரிலேயே யானை என்று சொல்லிவிடலாம். ஆக, "இது எவ்வளவு தூரம் பார்க்கும்?" என்று கடைக்காரரைக் கேட்பதில் அர்த்தமில்லை. "எதை?" என்று அவர் திருப்பிக் கேட்க வேண்டும். கேட்கிற கடைக்காரர் கிடைத்தால் விடாதீர்கள்.

இன்னொரு விஷயம் இந்தக் கணக்கிலேயே ஒளிந்திருக்கிறது. சென்சாரில் மொத்தம் எத்தனை பிக்சல் என்பது இதில் வரவே இல்லை. 384×288 சென்சாரும் 640×512 சென்சாரும் (முதல் எண் அகலத்தில் எத்தனை பிக்சல், அடுத்தது உயரத்தில்), பிக்சல் அளவும் லென்ஸும் ஒன்றாக இருந்தால், ஒரே தூரத்தில் ஒரே தெளிவைத்தான் கொடுக்கும். விலையில் பெரிய வித்தியாசம் கொடுத்து 640 வாங்குகிறவர் வாங்குவது தூரத்தை அல்ல, அகலத்தை. 35 மி.மீ. லென்ஸில் 384 சென்சார் 100 மீட்டர் தொலைவில் 13 மீட்டர் அகலத்தைக் காட்டுகிறது, 640 காட்டுவது 22 மீட்டரை. வயலை ஒரு வீச்சில் துழாவ வேண்டியவருக்கு இது பெரிய வித்தியாசம். ஒரே பாதையில் கண்ணை வைத்துக் காத்திருப்பவருக்கு அத்தனை இல்லை.

தூரம் வேண்டுமென்றால் லென்ஸ் பெரிதாக வேண்டும். 50 மி.மீ. லென்ஸில் 100 மீட்டரில் ஒரு பிக்சல் 2.4 செ.மீ.க்குச் சுருங்குகிறது, பன்றியை இனம் காணும் தூரம் 225 மீட்டர் வரை போகிறது. ஆனால் 640 சென்சாரிலேயே பார்வை அகலம் 15 மீட்டராகக் குறைகிறது, கருவி கனக்கிறது, விலை ஏறுகிறது. அடர்ந்த காட்டோரத்தில், 60 மீட்டருக்கு மேல் எதுவுமே மறைவில்லாமல் தெரியாத இடத்தில், 50 மி.மீ. லென்ஸை வைத்துக்கொண்டு திண்டாடுவது குழாய் வழியாகத் தேர் பார்ப்பது மாதிரி. அங்கே 19 அல்லது 25 மி.மீ. லென்ஸ்தான் சரி. வெட்டவெளியில், ஏரிக்கரையில், புல்வெளியில் 35க்கு மேல் போகலாம். கைபேசியில் செருகிக்கொள்ளும் சின்னக் கருவிகள் இருக்கின்றனவே, அவற்றில் பலவற்றின் லென்ஸ் 3, 4 மி.மீ.தான். 100 மீட்டரில் ஒரு பிக்சலே ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. மின்பலகையில் சூடேறும் இணைப்பைத் தேட அருமையானவை. காட்டுக்கு வேண்டாம்.

பெட்டியில் 1920×1080 என்று ஒரு எண் இருந்தால் ஏமாந்துவிட வேண்டாம். அது கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் திரையின் பிக்சல், சென்சாருடையது அல்ல. டிஜிட்டல் ஜூமும் அப்படித்தான். நான்கு பிக்சலில் வந்த விலங்கை எட்டு மடங்கு பெரிதாக்கினால் பெரிய நான்கு கட்டங்கள் கிடைக்கும்.

இந்தக் கருவி எதைப் பார்க்கிறது என்பதிலும் கொஞ்சம் தெளிவு வேண்டும், ஏனென்றால் பலர் இதை இருட்டில் பார்க்கும் டார்ச் போல நினைக்கிறார்கள். 1800இல் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியலாளர் சூரிய ஒளியை முப்பட்டகத்தில் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பம் இன்னும் கூடியது. அகச்சிவப்பு அப்படித்தான் அகப்பட்டது. உடல் சூட்டில் இருக்கும் எந்தப் பொருளும் 10 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி அதிகமாகக் கதிர் வீசுகிறது. காற்று மண்டலம் 8 முதல் 14 மைக்ரான் வரை ஓரளவு வழிவிடுகிறது. அந்தச் சந்து வழியாகத்தான் தெர்மல் கருவி பார்க்கிறது. வெளிச்சமே தேவையில்லை, அமாவாசையும் பௌர்ணமியும் அதற்கு ஒன்றுதான்.

ஆனால் நாம் கண்ணாடி என்று சொல்லும் பொருள் இந்தக் கதிருக்குச் சுவர் மாதிரி. கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளிருந்து பார்த்தால் உங்கள் முகம்தான் மங்கலாகப் பிரதிபலிக்கும். அதனால் லென்ஸை ஜெர்மேனியத்தில் செய்கிறார்கள். பார்க்கச் சாம்பல் நிற உலோகம் போல இருக்கும், கண்ணால் ஊடுருவ முடியாது. ஜெர்மேனியத்தில் உலகின் பெரும்பங்கு சீனாவிடம் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் முதல் அதன் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயம் என்று சீனா அறிவித்ததும் அதன் விலை ஏறத் தொடங்கியது. பெரிய லென்ஸ் ஏன் அவ்வளவு விலை என்பதற்கு இது ஒரு காரணம்.

இலைக்கும் இதே கதைதான். புதருக்குப் பின்னால் இருக்கும் விலங்கைத் தெர்மல் ஊடுருவிக் காட்டும் என்று சிலர் சத்தியம் செய்வார்கள். காட்டாது. இலைகளுக்கு இடையே இருக்கும் சந்துகளில் தப்பி வரும் சூடு சிதறிய வெள்ளைத் துண்டுகளாகத் தெரியும். அனுபவப்பட்டவர் அதிலிருந்து ஒரு கடமானைக் கட்டி எழுப்பிவிடுவார், புதிதாகப் பார்ப்பவர் கட்டி எழுப்புவது பெரும்பாலும் கற்பனை.

சென்சார் உள்ளே ஒவ்வொரு பிக்சலும் வெற்றிடத்தில் தொங்கும் நுண்ணிய பாலம். கதிர் பட்டால் சூடாகி மின்தடை மாறும். வெனேடியம் ஆக்சைடு பூச்சுள்ள இந்த அமைப்பை அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவனம் 1980களில் ராணுவத்துக்காக உருவாக்கியது, 1990களில் ரகசியம் விலக்கப்பட்டுப் பொதுச் சந்தைக்கு வந்தது. அதற்கு முன் நல்ல தெர்மல் கேமராவுக்குச் சென்சாரையே உறைய வைக்கும் குளிரூட்டி வேண்டும். (இயற்கை இதை எப்போதோ செய்துவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மூங்கில் குழிவிரியனுக்கும் மலபார் குழிவிரியனுக்கும் கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே ஒரு குழி இருக்கிறது. அதில் மெல்லிய சவ்வு ஒன்று தொங்குகிறது. எலியின் சூட்டை இருட்டில் அது உணர்ந்துவிடும். ஆனால் அதே விரியனைத் தெர்மல் கருவியால் தேடினால் கிடைப்பது சந்தேகம். பாம்பின் உடல் தரையின் சூட்டோடு ஒத்துப்போய்விடும். தோட்டத்தில் பாம்பு தேட என்று யாராவது இதை வாங்க நினைத்தால் டார்ச்சும் காலுக்குப் பூட்ஸும் மலிவு.)

சரி, வெப்பநிலை வேறுபாட்டுக்கு வருவோம். கருவியின் பட்டியலில் என்.இ.டி.டி. என்று ஒரு எண் இருக்கும், மில்லிகெல்வினில். 40, 25, 20 இப்படி. எவ்வளவு சிறிய வெப்ப வேறுபாட்டைச் சென்சார் பிரித்துக் காட்டும் என்பது. 20 என்றால் ஒரு டிகிரியில் ஐம்பதில் ஒரு பங்கு. குறைவாக இருந்தால் நல்லது. ஐரோப்பிய வாங்குநர்கள் இந்த எண்ணை ஒரு வசதியாகப் பார்க்கலாம், நமக்கு இதுதான் உயிர்நாடி. காரணம் நம் ஊர் இரவு.

குளிர் நாட்டில் பூஜ்ஜியத்தை ஒட்டிய புல்வெளியில் மான் நின்றால் விளக்கு ஏற்றி வைத்தது போலிருக்கும். சித்திரை மாதத்தில் மலையடிவாரத்தில் இரவு ஒன்பது மணிக்குப் பாறையும் செம்மண்ணும் இன்னும் கனன்றுகொண்டிருக்கும். விலங்கின் மேல்தோல் சூடும் தரைச் சூடும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும் நேரம் அது. பகலில் தரை விலங்கைவிடச் சூடு, பின்னிரவில் குளிர்ச்சி. நடுவில் இரண்டும் ஒன்றையொன்று தாண்டும் நேரத்தில் விலங்கு திரையில் கரைந்துபோகும். அதோடு ஈரப்பதம் வேறு. நீராவி இந்தக் கதிரைக் குடிக்கிறது. மழைக்குப் பிந்தைய கடலோரக் காற்றில் பட்டியலில் இருக்கும் தூரத்தை அப்படியே எதிர்பார்க்க முடியாது. மூடுபனியையும் இது பெரிதாக வெல்லாது, மெல்லிய பனியில் கண்ணைவிடப் பரவாயில்லை, கெட்டியான பனியில் இரண்டும் குருடு. ஊட்டியில் ஒரு டிசம்பர் இரவில் பார்த்து மயங்கி வாங்கிய கருவி மே மாதம் தேனிப் பக்கம் வேறு கருவி போல நடந்துகொள்ளும். சேற்றில் புரண்டு வந்த யானையும் பன்றியும் அவை உண்மையில் இருப்பதைவிடக் குளிர்ந்தே தெரியும்.

ஜெர்மனியில் இதை வைத்து ஒரு நல்ல வேலை நடக்கிறது. மே, ஜூன் மாதங்களில் அங்கே புல் அறுப்பார்கள். அதே நேரத்தில்தான் ரோ மான் என்ற சிறிய ஐரோப்பிய மான் குட்டி போடும். குட்டிக்கு ஆபத்து என்றால் ஓடத் தெரியாது, புல்லோடு புல்லாகத் தரையில் ஒட்டிப் படுத்துக்கொள்ளும். நரிக்கு எதிராக அருமையான தந்திரம், அறுவடை இயந்திரத்தின் கத்திக்கு எதிராக மரணம். அதனால் தன்னார்வலர்கள் அறுப்புக்கு முன் தெர்மல் கேமரா பொருத்திய டிரோனைப் பறக்க விட்டுக் குட்டியைத் தேடுகிறார்கள். 2021 முதல் இந்த டிரோன்களுக்கு மத்திய அரசே மானியம் தருகிறது. கவனிக்க வேண்டியது நேரம்: விடிந்தும் விடியாமலும் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிடுவார்கள். வெயில் பட்டால் எலிவளை மண்ணும் கல்லும் மான்குட்டி மாதிரியே வெள்ளையாகிவிடும். அப்புறம் முக்கியமான இன்னொன்று, டிரோன் காட்டும் புள்ளியை அவர்கள் நம்பி நின்றுவிடுவதில்லை. ஒருவர் புல்லுக்குள் நடந்து போய்க் கண்ணால் பார்க்கிறார். குட்டியாக இருந்தால் கையுறை போட்டு, கைநிறையப் புல்லோடு சேர்த்துத் தூக்கி ஓரத்தில் வைக்கிறார். அவர்களுக்குக் கருவியிடம் தேவைப்படுவது "ஏதோ இருக்கிறது" மட்டும்தான். "என்ன" என்பதற்குக் கால்கள் இருக்கின்றன.

ஆஸ்திரேலியாவில் கோலாவை மர உச்சியில் தேடுவதும் இப்படித்தான், குளிர்கால விடியற்காலையில். இங்கிலாந்தின் லிவர்பூலில் வானியலாளர்களும் சூழலியலாளர்களும் சேர்ந்து, இருண்ட வானில் மங்கிய விண்மீன்களைத் தேடும் மென்பொருளை டிரோன் தெர்மல் படத்தில் விலங்கு தேட மாற்றி எழுதினார்கள். ஹெர்ஷல் கேட்டால் சந்தோஷப்பட்டிருப்பார்.

வேட்டையில் கதை வேறு. அங்கே புள்ளிக்கும் விசைக்கும் நடுவே நடந்து போய்ப் பார்க்க யாரும் இல்லை.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் இந்தக் கருவிகளுக்கு மிகப் பெரிய சந்தைகளில் ஒன்று. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் கொண்டுவந்து விட்ட பன்றிகளும், 20ஆம் நூற்றாண்டில் வேட்டைக்காக இறக்கிய ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளும் கலந்து பெருகி, வயல்களை உழுது தள்ளுகின்றன. 2019 செப்டம்பர் முதல் தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதத்தோடு அவற்றைச் சுட வேட்டை உரிமம்கூட அங்கே தேவையில்லை. பன்றிகள் இரவில்தான் வருகின்றன, அதனால் தெர்மல். ஜெர்மனியில் கட்டுப்பாடு அதிகம். 2020இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, துப்பாக்கித் தொலைநோக்கியின் முன்னோ பின்னோ மாட்டும் இணைப்புக் கருவிகளை வேட்டைக்காரர்கள் வைத்துக்கொள்ள அனுமதித்தார்கள். எந்த விலங்குக்கு எப்போது பயன்படுத்தலாம் என்பதை ஒவ்வொரு மாநிலமும் தனியாக முடிவு செய்கிறது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவும் அச்சம் அந்தத் தளர்வுக்கு ஒரு முக்கியக் காரணம். அங்கெல்லாம் இருக்கும் தமிழர்களில் வேட்டை உரிமம் எடுத்தவர்கள் தங்கள் மாநிலச் சட்டத்தைப் படித்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். ஒரு மாநிலத்தில் சட்டப்படி வாங்கியது எல்லை தாண்டினால் குற்றமாகலாம்.

பொறுப்பான வேட்டைக்காரர்கள் இரண்டு கருவி வைத்திருப்பார்கள். தேடுவதற்குக் கையில் ஒரு ஒற்றைக்கண் கருவி, அகலப் பார்வையுள்ளது. குறிபார்க்கத் துப்பாக்கியில் இன்னொன்று. ஒன்றே போதுமே என்று துப்பாக்கியின் தொலைநோக்கியாலேயே வயலைத் துழாவினால், வயலில் இருக்கும் ஒவ்வொருவர் மேலும் துப்பாக்கிக் குழல் திரும்பும். காசை மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

ஏன் இத்தனை வலியுறுத்திச் சொல்கிறேன் என்றால், தெர்மல் படத்தில் நிறம் கிடையாது. புலியின் வரியோ புள்ளிமானின் புள்ளியோ பெரும்பாலும் தெரியாது. உருவமும் நடையும் மட்டும்தான். பன்றி தலையைத் தாழ்த்தி மண்ணைக் கிளறிக்கொண்டு நகரும், கடமான் கழுத்தை நிமிர்த்தி நின்று கேட்கும், சிறுத்தையின் வால் உடலைவிட்டு விலகி வளையும். இதெல்லாம் 100 மீட்டரில். 400 மீட்டரில், இரவில் வயலோரம் ஒதுங்க உட்கார்ந்திருக்கும் மனிதரும் பன்றியும் ஏறக்குறைய ஒரே அளவு வெள்ளை மொட்டு. மேயும் கன்றுக்குட்டியும் அப்படித்தான். தூரமும் படத்தில் தெரியாது. பக்கத்தில் இருக்கும் முயலும் தொலைவில் இருக்கும் மானும் ஒரே அளவாக நிற்கும். லேசர் தூரமானி உள்ள கருவிக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண் இல்லை, வரும் கணக்கு எல்லாமே தூரத்தைச் சார்ந்துதான்.

இந்தியாவில் வேட்டைக்குத் தடை இருப்பதால் இந்த வேட்டைப் பேச்சுக்கே வேலை இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வேட்டை என்பது கொல்வது மட்டுமல்ல, பொறி வைப்பது, விரட்டிப் பிடிப்பது, அதற்கு முயல்வது எல்லாமே வேட்டைதான். காட்டுப்பன்றி விஷயத்தில் கேரளம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் தந்தது. தமிழ்நாட்டில் 2025 தொடக்கத்தில் வந்த முடிவின்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினர்தான் சுட வேண்டும், விவசாயி அல்ல. தெர்மல் கருவியைப் பரணில் வைத்துக்கொண்டு தன் வாழைத் தோட்டத்தைக் காவல் காப்பது வேறு, அதை எடுத்துக்கொண்டு அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது வேறு.

நம் ஊரில் இந்தத் தொழில்நுட்பத்துக்கு உண்மையான வேலை யானையிடம்தான் இருக்கிறது. கோவை மதுக்கரை வனச்சரகத்தில் எட்டிமடைக்கும் வாளையாருக்கும் இடையே இரண்டு ரயில் தடங்கள் காட்டை வெட்டிக்கொண்டு போகின்றன. 2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே மங்களூர்–சென்னை ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. அதற்குப் பின் வனத்துறை 7.24 கோடி ரூபாயில் 12 கோபுரங்கள் நட்டு, தெர்மல் கேமராவும் சாதாரணக் கேமராவும் சேர்த்துப் பொருத்தி, செயற்கை நுண்ணறிவு மென்பொருளோடு இணைத்தது. 2024 பிப்ரவரியில் அது செயல்பாட்டுக்கு வந்தது. தடத்தருகே யானை வந்தால் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போகும், அங்கிருந்து ரயில் ஓட்டுநருக்கும் களப் பணியாளருக்கும் போகும். அதன் பிறகு அந்தத் தடத்தில் ரயிலில் அடிபட்டு யானை இறக்கவில்லை என்கிறது வனத்துறை. இலங்கையில் 2025 பிப்ரவரியில் ஹபரணைப் பக்கம் ஒரே மோதலில் ஆறு யானைகள் இறந்ததை நினைத்தால் இதன் அருமை புரியும்.

மதுக்கரை ஏன் வேலை செய்கிறது என்பதை நம் கணக்கோடு வைத்துப் பாருங்கள். விலங்கு பெரியது, எனவே தூரத்திலேயே போதுமான பிக்சல் விழுகிறது. பார்க்க வேண்டிய இடம் தெரிந்த இடம், கேமரா அசையாமல் நிற்கிறது. தெர்மல் கண்டுகொள்கிறது, அதன் பக்கத்துச் சாதாரணக் கேமராவும் மென்பொருளும் அது யானைதானா என்று பார்க்கின்றன. தப்பு நடந்தாலும் நடப்பது என்ன? ஒரு காட்டெருமைக்காக ரயில் கொஞ்சம் மெதுவாகப் போகும். தவறின் விலை குறைவாக இருக்கும் இடத்தில் "ஏதோ இருக்கிறது" என்பதே பெரிய தகவல்.

இதற்குத் தெர்மல்தான் வேண்டும் என்றும் இல்லை. வால்பாறையில் யானை எந்தத் தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று குறுஞ்செய்தி அனுப்பியும், மேட்டில் சிவப்பு விளக்கு எரிய விட்டுமே பல ஆண்டுகளாக உயிர்ச்சேதத்தைக் குறைத்தார்கள். அங்கே சென்சார் வேலையைச் செய்தது மனிதர்களின் கண்கள்தான். கருவி வாங்கக் குழு சேர்த்துக் காசு திரட்டும் ஊர்க்காரர்கள், முதலில் அந்தத் தகவல் யாருக்கு, எப்படிப் போகும் என்று பேசி முடிப்பது நல்லது. பரணில் இருப்பவர் மட்டும் யானையைப் பார்த்துவிட்டு என்ன செய்யப் போகிறார்?

மீதமிருப்பவை சின்ன விஷயங்கள், ஆனால் கையில் வந்த பிறகு உறுத்துபவை. படம் நொடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்று பாருங்கள். அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டால் 9 முறை மட்டும் மாறும் கருவிகள் சந்தையில் நிறைய உண்டு. நின்றுகொண்டிருக்கும் விலங்குக்கு அது போதும், ஓடும் பன்றி துள்ளித் துள்ளித் தெரியும், கருவியைக் கையில் வீசித் துழாவினால் கண் வலிக்கும். 25 அல்லது 50 வாங்குவது நிம்மதி. அப்புறம் அந்த 'டிக்' சத்தம். சென்சார் தன்னைச் சரிசெய்துகொள்ள அவ்வப்போது உள்ளே ஒரு தகடு விழுந்து மூடித் திறக்கும், படம் ஒரு நொடி உறையும். அமைதியான இரவில், இருபது அடியில் நிற்கும் மானுக்கு அது துப்பாக்கியின் விசை மாதிரி கேட்கும். நாமே லென்ஸை மூடிச் சரிசெய்யும் வழி இருக்கிறதா என்று கேளுங்கள். பேட்டரி கழற்றி மாற்றக்கூடியதாக, கடையில் எளிதில் கிடைக்கும் அளவில் இருக்கட்டும். உள்ளேயே அடைத்துவைத்த பேட்டரி நடு இரவில் தீர்ந்தால் காலை வரை அது ஒரு கல். கண்ணில் படும் திரையின் வெளிச்சத்தைக் குறைக்க முடிய வேண்டும், இல்லாவிட்டால் கருவியை இறக்கியதும் அந்தக் கண்ணுக்கு ஒரு நிமிடம் எதுவும் தெரியாது. அந்த ஒரு நிமிடம் யானைக் காட்டில் நீளமானது.

பறவை, விலங்கு பார்க்க மட்டும் போகிறவர்களுக்கு இருகண் கருவி கண்ணுக்குச் சுகம், ஒற்றைக்கண் கருவி பைக்குச் சுகம். தேவாங்கு தேடி அய்யலூர் பக்கம் இரவில் நடப்பவர்கள், வனத்துறை அனுமதியோடு, சிறிய லென்ஸுள்ள ஒற்றைக்கண் கருவியால் கிளையில் சூட்டுப் புள்ளியைக் கண்டுகொண்டு, மங்கிய சிவப்பு டார்ச்சால் ஒரு கணம் பார்த்து உறுதி செய்யலாம். வெள்ளை டார்ச்சை ஊரெல்லாம் அடித்துக்கொண்டு போவதைவிட விலங்குக்கு அது எவ்வளவோ மேல்.

வாங்குமுன் ஒரு சோதனை. கடையின் ஏசி அறையில் விற்பனையாளர் தன் உள்ளங்கையைச் சுவரில் வைத்து எடுத்து, பதிந்த சூட்டைக் காட்டுவார். எந்த மலிவுக் கருவியிலும் அது அழகாகத்தான் தெரியும். அதை விட்டுவிட்டு, நீங்கள் பயன்படுத்தப் போகும் மாதத்தில், பயன்படுத்தப் போகும் ஊரில், இரவு எட்டு மணிக்குக் கருவியை வெளியே கொண்டுபோங்கள். ஒருவரை ஓர் ஆட்டோடு 150 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அவர் உட்காரட்டும், ஆடு மேயட்டும். எது ஆடு, எது ஆள் என்று பார்க்காத ஒருவரிடம் கருவியைக் கொடுத்துக் கேளுங்கள். அவர் தயங்கினால் 100 மீட்டருக்கு வரச் சொல்லுங்கள். அவர் தயங்காமல் சொல்லும் தூரத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதி, கருவியின் பையில் ஒட்டிவிடுங்கள்.